ஆடி கழியட்டும், மச்சான்

பையை எடுத்து மடியில வச்சுக்கிடுதேன், நீங்க தாராளமா உக்காருங்க அண்ணாச்சி. தென்காசியில ஏறுனதுல இருந்து பாக்கேன், நின்னுக்கிட்டேதான் வாறிய. நானெல்லாம் பஸ்ல போயி எவ்வளவு நாளாச்சுன்னு எனக்கே நினைவில்ல. சொந்தமா வண்டி வச்சிருந்தவன். எந்த பஸ்ஸு எங்கன நிக்கும்னு கூட மறந்து போச்சு. சாஸ்தா கோவில் விலக்குல இது நிக்கும்லா? நிக்கும்னுதான் கண்டக்டர் சொல்லுதாரு. பாப்போம்.

இருங்க, போனு அடிக்கி.

ஒண்ணுமில்ல, கட் பண்ணிட்டேன். வேண்டாத போனு. அவரு பேசினா பேசிக்கிட்டே இருப்பாரு.

எங்க போறேன்னா கேக்கிய? தங்கச்சி மவளுக்குக் காதுகுத்து. நான்தான் தாய்மாமன். ஒரே தாய்மாமன். என் மடியில உக்கார வச்சுதான் மொட்டை எடுக்கணும், காது குத்தணும். அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குன்னு நினைப்பிய. சொல்லுதேன். உங்கள மாதிரி முன்ன பின்ன தெரியாத ஆளுகிட்டதான் இதைச் சொல்ல முடியும். ஊர்ல தெரிஞ்சவன்கிட்ட சொன்னா அவன் என்னையத்தான் ஒரு மாதிரி பாப்பான்.

நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்க. சொந்தத்துக்குள்ள ஒரு வண்டி கை மாறுது. அண்ணன் குடுக்கான், தங்கச்சி மாப்பிள்ளை வாங்குதாரு. இதுல விசாரணை உண்டா? வெளி ஆளுகிட்ட வாங்கினா விசாரிக்கணும், நானே விசாரிப்பேன். ஓனர் எத்தனை பேரு, இன்சூரன்ஸ் ஓடுதா, ஷோரூம்ல ஒழுங்கா சர்வீஸ் விட்டிருக்கானா, எங்கயும் கொண்டு மோதியிருக்கானா, எல்லாம் நோண்டி நோண்டிக் கேப்பேன். மார்க்கெட்ல காய்கறிக் கமிஷன் கடை வச்சிருக்கவன் நான். தக்காளிப் பெட்டின்னா அடி வரைக்கும் கையை விட்டுப் பாக்காம எடுக்க மாட்டேன். மேல சிவப்பா நல்லதா அடுக்கிட்டு அடியில நசுங்கினதப் போட்டிருப்பான். நானும் அப்படித்தான் போடுதேன், எல்லாரும் போடுததுதான், தொழில்னா அப்படித்தான். ஆனா சொந்தக்காரன் வந்து என்கிட்ட ஒரு பெட்டி கேட்டான்னு வைங்க, அவன் கையை விட்டுப் பாக்கலாமா? பாத்தா நமக்கு மனசு எப்படி இருக்கும்?

அதைத்தான் எனக்குச் செஞ்சாவ.

என் தங்கச்சி பேரு கோமதி. அவ பள்ளிக்கூடத்துல படிச்சுக்கிட்டு இருக்கும்போதே எங்கப்பா போய்ச் சேந்துட்டாரு. அதுக்குப் பொறவு அவளுக்கு அப்பனும் நான்தான், அண்ணனும் நான்தான். உச்சிமாகாளி தங்கச்சின்னு சொன்னா போதும், தெருவுல ஒரு பய ஏறிட்டுப் பாக்க மாட்டான். நல்ல இடமாப் பாத்துக் கட்டிக் குடுத்தேன். மாப்பிள்ளை பேரு தளவாய். ஆலங்குளத்துக்குப் பக்கத்துல நூல் மில்லுல வேலை. அமைதியான ஆளு. அமைதியா இருக்கவன் உள்ளுக்குள்ள என்ன கணக்குப் போடுதான்னு அப்ப எனக்குத் தெரியல.

சீர்ல நான் ஒரு குறை வைக்கல. கட்டில், பீரோ, ஃப்ரிட்ஜு எல்லாம் கொண்டு இறக்கினேன். ஃப்ரிட்ஜு புதுசுன்னு சொல்ல முடியாது. ஒருத்தன் ஜூஸ் கடைய மூடுனான், அவன்கிட்ட எடுத்தேன். பெயிண்ட் அடிச்சு, ஸ்டிக்கர் ஒட்டி, ரிப்பன் கட்டிக் கொண்டு போனா எவனுக்குத் தெரியும்? நல்லாத்தான் ஓடிச்சு. மழைக்காலத்துல மட்டும் கதவைத் தொட்டா லேசா ஷாக் அடிக்கும். கோமதி ரப்பர் செருப்பு போட்டுக்கிட்டு நின்னு திறப்பா. அவ மாமியாரு கேட்டிருக்கு, அடுப்படிக்குள்ள என்னட்டி செருப்புன்னு. தரை சில்லுன்னு இருக்கு அத்தை, காலு குடையுதுன்னு சொல்லியிருக்கா. பாத்தியளா, எம்புட்டு சூட்டிகை. அந்த வீட்டுல யாருக்கும் இன்னைக்கு வரைக்கும்... சரி, இன்னைக்கு வரைக்கும்னு சொல்ல முடியாது. ஆனா ரொம்ப நாளைக்கு யாருக்கும் தெரியாது. என்னைய ஒரு இடத்துல விட்டுக் குடுக்காதவ. அப்படிப்பட்ட தங்கச்சி அண்ணாச்சி அவ. அதனாலதான் இது தாங்கல.

வண்டிக்கு வாறேன்.

நல்ல பைக்கு. கருப்புக் கலரு. நான் ஒரே ஓனர். நம்பரைக் கூட்டினா ஆறு வரும், என் ராசிக்கு ஆறு நல்லதுன்னு ஷோரூம்ல காத்துக் கெடந்து வாங்கின நம்பரு. சர்வீஸ் தவறாம விட்டவன். எந்தத் தேதியில கொண்டு போயி விட்டேன், என்ன மாத்தினாவ, எல்லாம் அங்க கம்ப்யூட்டர்ல இருக்கும். அவ்வளவு ஒழுங்கா வச்சிருந்தேன், அந்த எருமை வார வரைக்கும்.

எருமைன்னா, பெருசா ஒண்ணுமில்ல. கடையம் பக்கம் போயிட்டு வாறேன், ரோட்டுல குறுக்க வந்துட்டு. எருமை எந்திரிச்சு நடந்து போயிட்டு. எனக்குத் தோள்ல லேசா அடி. வண்டிக்கு மூஞ்சி உள்ள போயிட்டு. ஷோரூமுக்குக் கொண்டு போனா, அவன் வண்டிய மேல ஏத்தி, டார்ச் அடிச்சு அடிச்சுப் பாத்துட்டு, சேசிஸ், வண்டியத் தாங்குத சட்டம், விரிசல் விட்டுருக்கு, முழுசா மாத்தணும், மாத்தாம ரோட்டுல எடுக்காதீங்கன்னு சொல்லுதான். அவன் அப்படித்தான் சொல்லுவான், அவன் பொழைப்பு ஓடணும்லா. நான் வெளிய ஒரு பட்டறையில குடுத்து வெல்டிங் வச்சேன். மேல பெயிண்ட் அடிச்சதும் பத்த வச்ச இடமே தெரியல. நீங்க தரையில படுத்துப் பாத்தாலும் கண்டுபிடிக்க மாட்டிய.

நாப்பதுக்கு மேல போனா இடது பக்கம் கொஞ்சம் இழுக்கும். அது கைப்பழக்கம், அம்புட்டுதான். நான் ஓட்டலையா? என் பொஞ்சாதியத்தான் பின்னாடி ஏத்துததில்ல. அவளுக்குப் பயம். அவ பஸ்லயே வந்துருவா.

இப்படி இருக்கும்போதுதான் மாப்பிள்ளையோட பழைய மொபெட்டு மொத்தமா நின்னு போச்சு. ஷிப்ட் வேலை, போக வர வண்டி வேணும். பிள்ளையையும் பள்ளிக்கூடத்துல சேத்தாச்சு, அதைக் கொண்டு விடணும். பழைய வண்டி ஒண்ணு பாக்கேன் மச்சான்னு சொன்னாரு. எனக்கு மனசு கேக்கல. வெளியில போயி எவன்கிட்டயாவது ஏமாந்துராதீரும் மாப்பிள்ளை, இந்தக் காலத்துல அடிபட்ட வண்டியையெல்லாம் பெயிண்ட் அடிச்சுத் தலையில கட்டிருவான், என் வண்டிய எடுத்துக்கிடும்னு நான்தான் சொன்னேன். நானா வலியப் போயி சொன்னேன். அவரு வண்டிய ஒரு சுத்து சுத்திப் பாத்தாரு. ஓட்டிப் பாக்கியளான்னு கேட்டேன், வேண்டாம் மச்சான்னுட்டாரு. எனக்குச் சந்தோஷம். மரியாதை தெரிஞ்ச மனுஷன்னு நினைச்சேன்.

மறுநாள் போன் பண்ணுதாரு. மச்சான், இப்ப ஆடி மாசமாப் போச்சு, புதுசா எதுவும் வீட்டுக்குக் கொண்டு வரக்கூடாதுல்லா, ஆடி கழியட்டும், ஆவணியில எடுத்துக்கிடுதேங்காரு. நியாயமான பேச்சுதானே? நான் என்ன சொல்ல? சரின்னுட்டேன். ஆர்.சி. புக்கு காப்பி மட்டும் ஒண்ணு குடுங்க, இன்சூரன்ஸ் மாத்தக் கேட்டு வைக்கேன்னாரு. அதையும் குடுத்தேன்.

அந்த ஆடியில அவரு என்ன பண்ணாருன்னு கேளுங்க. ஒண்ணு, ஆடித் தள்ளுபடியில புது ஃப்ரிட்ஜு வாங்கினாரு. பழசு நின்னு போச்சாம். அப்ப ஆடியில ஃப்ரிட்ஜு வீட்டுக்குள்ள வரலாம், என் வண்டி வரக்கூடாது. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். ரெண்டாவது, அந்த ஆர்.சி. காப்பிய எடுத்துக்கிட்டு நேரா ஷோரூமுக்குப் போயி, இந்த வண்டி ஜாதகத்தை எடுத்துக் குடுங்கன்னு கேட்டிருக்காரு.

எனக்கு ஒண்ணும் தெரியாது. ஆவணி பொறந்ததும் நல்ல நாளாப் பாத்து, வண்டியப் பளபளன்னு கழுவி, சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, நானே ஓட்டிக்கிட்டுப் போனேன். நாப்பதைத் தாண்டல, மெதுவாத்தான் போனேன். வாசல்ல நிப்பாட்டி, சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வைக்கக் குனிஞ்சேன்.

"மச்சான், பழம் வைக்காண்டாம்"னாரு.

"ஏன் மாப்பிள்ளை? எமகண்டம் கழிஞ்சாச்சே."

"வண்டிய ஷோரூம்ல விசாரிச்சேன்."

குனிஞ்ச வாக்குலயே இருக்கேன் நான். பழம் கையில இருக்கு.

"சேசிஸ் ஒடைஞ்சிருக்குன்னு சோதனை பண்ணி எழுதி வச்சிருக்காவ. மாத்தணும்னு சொல்லியும் நீங்க மாத்தலையாமே?"

"ஒடையலவே. கீறல். ஒடைசலுக்கும் கீறலுக்கும் வித்தியாசம் தெரியாதா உமக்கு?"

"கீறல்னாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா மச்சான்?"

"நீரு கேக்கலையே. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சொல்லியிருப்பேன் அண்ணாச்சி. கேட்டிருந்தா சொல்லித்தான் இருப்பேன். எங்கிட்ட கேக்காம எவனோ ஒரு ஷோரூம்காரன்கிட்ட போயிக் கேக்கதா? எனக்கு வந்துச்சே கோவம். ஆடி ஆடின்னு சொல்லி என்னையக் காக்க வச்சுட்டு, முதுகுக்குப் பின்னாடி போயித் துப்புத் துலக்கியிருக்கீரேன்னு தெருவே கேக்குத மாதிரி சத்தம் போட்டேன். அண்ணன் தங்கச்சிக்கு நடுவுல புகுந்து கெடுக்கப் பாக்கியான்னு மரியாதை கூட இல்லாமக் கேட்டுட்டேன். அவன் தலையக் குனிஞ்சான். அவரு தலையக் குனிஞ்சாரு. அப்படியே நின்னாரு.

அப்பதான் கோமதி காப்பித் தம்ளரோட வெளிய வந்தா. தம்ளரைத் தாவாரத்துல வச்சுட்டு சொல்லுதா:

"அவியள ஏன் அண்ணே ஏசுத? விசாரிக்கச் சொன்னது நான். ஆடின்னு சொல்லச் சொன்னதும் நான்தான்."

நான் அவ பக்கமாத் திரும்பினேன்.

"நீயா?"

"ஆமா. எங்க அண்ணன் வண்டின்னா விசாரிக்காம எடுக்காதியன்னு நான்தான் சொன்னேன். இவியளுக்கு உன்கிட்ட கேக்கக் கூச்சம்."

"நான் உனக்கு என்னட்டி குறை வச்சேன்?"

அவ அழவும் இல்ல, கத்தவும் இல்ல. "ஃப்ரிட்ஜுன்னா நான் ஒருத்தி செருப்பு போட்டுக்கிடுவேன் அண்ணே. வண்டியில பிள்ளைய முன்னாடி உக்கார வச்சுல்லா இவிய ஓட்டுவாவ"ன்னா.

என்ன ஃப்ரிட்ஜுன்னு மாப்பிள்ளை கேட்டாரு. பாத்தியளா. அவருக்கு அதுவரைக்கும் தெரியாது. அத்தனை மழைக்காலம் மூடி வச்சதை வாசல்ல வச்சு ஒரு நொடியில போட்டு உடைச்சுட்டா. நான் கேக்கேன், பிள்ளைய முன்னாடி டேங்கு மேல உக்கார வைக்கதே தப்புல்லா? போலீஸ்காரன் புடிப்பான்லா? அதை யாரும் பேச மாட்டாவ. என் வண்டியத்தான் பேசுவாவ. காப்பியத் தொடல நான். எலுமிச்சம்பழத்தைப் பையில போட்டுக்கிட்டு, மாலையோட வண்டியத் திருப்பிக்கிட்டு வந்துட்டேன். வார வழியெல்லாம் மாலை காத்துல அடிச்சு மூஞ்சியில விழுது. கண்ணு கலங்குனது அதனாலதான்னு நினைச்சுக்கிட்டேன்.

மறுபடியும் போனு. கொஞ்சம் பொறுங்க.

அதே ஆளுதான். சரி, சொல்லிருதேன், ஒளிக்க என்ன இருக்கு. இவரு ஒரு வாத்தியாரு. வெளியூர்ல இருந்து மாத்தலாகி வந்தவரு. அந்த வண்டிய அப்புறம் இவருக்குத்தான் குடுத்தேன். எவ்வளவு நல்ல மனுஷன் தெரியுமா? வந்தாரு, பாத்தாரு, கண்ணாடியில தலையக் கோதிக்கிட்டாரு. அடிகிடி பட்டிருக்கான்னு கூட ஒரு வார்த்தை கேக்கல. உங்க மூஞ்சியப் பாத்தாலே தெரியுதுண்ணே, நீங்க சொன்னா சரின்னு எடுத்துக்கிட்டுப் போயிட்டாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு. அன்னியன் நம்புதான், கூடப்பிறந்தவ நம்பல. இதைவிட ஒரு மனுஷனுக்கு என்ன பெருமை வேணும், என்ன கேவலம் வேணும், ரெண்டும் ஒண்ணா வந்துச்சு எனக்கு.

இப்ப எதுக்கு அடிக்காரா? வண்டி இடது பக்கம் இழுக்குதாம். அவரு வீட்டம்மா பின்னாடி உக்காரப் பயப்படுதாவளாம். முதல் தடவை எடுத்து, கைப்பழக்கம் சார், போகப் போகச் சரியாயிரும்னு சொன்னேன். திரும்பத் திரும்ப அடிச்சா நான் என்ன செய்ய? பஸ்ல வேற சத்தமா இருக்கு.

சரி, காதுகுத்துக்கு வாறேன். விலக்கு வந்துருமோ? இன்னும் இருக்கா? சரி.

ரொம்ப நாளு பேச்சு வார்த்தையே இல்ல. அப்புறம் ஒரு நாள் ரெண்டு பேரும் தாம்பூலத் தட்டோட எங்க வீட்டு வாசல்ல வந்து நிக்காவ. பிள்ளையும் கூட வந்திருக்கு. மாமான்னு காலைக் கட்டிக்கிட்டு. நீ வந்து மடியில வச்சாத்தான் அண்ணே காது குத்துவேன்னா கோமதி. ஒண்ணுமே நடக்காத மாதிரி சிரிச்சுப் பேசுதா. மாப்பிள்ளையும் நல்லாத்தான் பேசினாரு. கோமதி என் பொஞ்சாதிகிட்ட சாம்பார்ல உப்பு கூடன்னு கேலி பண்ணிச் சாப்பிட்டுட்டுப் போனா. அன்னைக்கு நான் தூங்கல அண்ணாச்சி. சந்தோஷத்துல.

தாய்மாமன்தானே கம்மல் கொண்டு போகணும். எனக்கு ஒரு வைராக்கியம் வந்துட்டு. வாத்தியாரு குடுத்த காச அப்படியே எடுத்துக்கிட்டுத் திருநவேலிக்குப் போனேன். நம்ம தெரிஞ்ச ஆசாரி இருக்காரு, அவருகிட்ட போனா விலை குறைச்சுப் போட்டுக் குடுப்பாரு, கொஞ்சம் செம்பு கூடக் கலந்தாலும் பாத்தாத் தெரியாது. போகல. பெரிய கடைக்குப் போனேன். முத்திரை போட்டதாத்தான் வேணும்னேன். கடைக்காரப் பிள்ளை பூதக்கண்ணாடி வச்சு முத்திரையக் காட்டிச்சு. பில்லு கேட்டு வாங்கினேன். என் வாழ்க்கையில நான் பில்லு கேட்டு வாங்கினது இதுதான். இந்தா, பையில இந்த டப்பாதான். அதான் மடியிலயே வச்சிருக்கேன்.

காலையில பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிக்கேன். கோமதி போன் பண்ணுதா.

"அண்ணே, கிளம்பிட்டியா? நேரத்தோட வந்துரு. மொட்டைக்கு ஆளு வந்தாச்சு."

"வந்துக்கிட்டே இருக்கேன். கம்மலு எடுத்தாச்சு பாத்துக்க. பூ மாதிரி இருக்கு."

அப்புறம் சொல்லுதா, மெதுவா, நோயாளிகிட்ட பேசுத மாதிரி:

"கம்மல் நாங்க எடுத்துட்டோம் அண்ணே. நீ ஒண்ணும் கொண்டு வராண்டாம். மடியில வைக்க நீ வந்தாப் போதும்."

"இல்லட்டி, நான் வாங்கிட்டேன். கையில இருக்கு."

"இருக்கட்டும்ணே. அது உன்கிட்டயே இருக்கட்டும்."

வச்சுட்டா.

தாய்மாமன வெறுங்கையோட வரச் சொல்லுதா. சபையில அத்தனை பேரு இருப்பாவ. மாமன் கம்மல் எங்கன்னு யாராவது கேப்பாவ. அவ ஏதாவது சொல்லிச் சமாளிச்சுருவா, அதுல அவ கெட்டிக்காரி. என்னைய விட்டுக் குடுக்க மாட்டா. அது எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால பொறுக்க முடியல.

இந்தா, நீங்க பாருங்க அண்ணாச்சி. கண்ணாடி வச்சிருக்கியளா? போட்டுப் பாருங்க. திருகாணிப் பக்கம், முத்திரை சின்னதா இருக்கும். தெரியுதா? வெளிச்சத்துல சாச்சுப் பிடிங்க. ஆங், அதுதான். பில்லும் இருக்கு, இந்தா சட்டைப் பையில.

அவ இதைக் கேக்கல அண்ணாச்சி. எங்க வாங்கினன்னு கேக்கல. முத்திரை இருக்கான்னு கேக்கல. பில்லு வச்சிருக்கியான்னு கேக்கல. கேட்டிருந்தா காட்டியிருப்பேன், சந்தோஷமாக் காட்டியிருப்பேன். எங்கயாவது கொண்டு போயி உரசிப் பாத்துட்டு வான்னு சொல்லியிருந்தா கூட, நானே கூடப் போயி நின்னிருப்பேன்.

விலக்கு வந்துட்டுங்காரு கண்டக்டர். டப்பாவைக் குடுங்க, நான் இறங்குதேன். காலை கொஞ்சம் ஒதுக்கிக்கிடுங்க.

அந்த வண்டிய ஆடி முழுக்க விசாரிச்சாளே. இதை ஒரு தடவை விசாரிச்சிருக்கலாம்லா?